உதயகலாவின் வலது கணைக்கால்

2024 ஜனவரி 19 — ரூபா 600
2024 பெப்ரவரி 5 — ரூபா 3,850
2024 மார்ச் 2 — ரூபா 480
2024 மார்ச் 15 — ரூபா 2,700
2024 மார்ச் 18 — ரூபா 1,500
2024 மே 12 — ரூபா 4,600
2024 ஜூலை 8 — ரூபா 4,400
2024 செப்டெம்பர் 10 — ரூபா 3,000
2024 செப்டெம்பர் 12 — ரூபா 110

முதலாவது விண்ணப்பக் கட்டணம். இரண்டாவது ஓடுகிற சப்பாத்து. அதன் பிறகு நோவெண்ணெய், வெள்ளி, எக்ஸ்ரே, பஸ், மறுபடியும் பஸ், எலும்பு வைத்தியர், பதிவுத்தபால். தொண்டைமானாற்றில் எங்கள் வீட்டிலிருந்து மூன்றாம் வீட்டில் இருக்கும் உதயகலா, தன் சம்பளத்தில் இதைச் செலவழித்தாள். கணக்கைச் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். தன் கதையை எழுதலாம் என்றாள். பெயர்களை மாற்றவும், திணைக்களத்தின் பெயரை விடவும் சொன்னாள். பெயர்களை மாற்றியிருக்கிறேன். திகதிகளை மாற்றவில்லை.

அவள் பிறந்தது 1994 பெப்ரவரி 27. தகப்பன் தம்பிராசா கடற்றொழில் செய்தவர். அவள் சாதாரண தரப் பரீட்சை எழுதிய வருடத்தில் நோயில் காலமானார். தமையன் மயூரதன் அதற்குப் பின் கடலோடு போனான். தாய் கமலாவதியும் அவளும்தான் மிச்சம். உயர்தரம் சித்தியடைந்தாள்; பல்கலைக்கழகத்துக்குப் புள்ளி போதவில்லை. அன்றிலிருந்து அச்சுவேலியில் ஒரு புடவைக்கடையில் விற்பனைப் பெண்ணாக நின்றாள். நின்றாள் என்று எழுதுவது சரியான சொல். அந்தக் கடையில் காலை ஒன்பது மணி முதல் இரவு ஏழரை வரை வேலைப் பெண்கள் உட்கார்ந்திருக்கக்கூடாது. முதலாளிக்கு மட்டும் கதிரை உண்டு, சாமி படத்துக்குக் கீழே.

2024 ஜனவரியில் அரச வர்த்தமானியில் ஓர் ஆட்சேர்ப்பு வந்தது. பெண் வெளிக்கள உத்தியோகத்தர். உயர்தரச் சித்தி, குறித்த உயரம், விண்ணப்ப முடிவுத் திகதியில் முப்பது வயதுக்கு மேற்படாதிருத்தல். முடிவுத் திகதி பெப்ரவரி 12. அவளுக்கு முப்பது முடிய அதற்குப் பிறகு பதினைந்து நாள் இருந்தது. அடுத்த ஆட்சேர்ப்பு எப்போது வந்தாலும் அவளுக்கில்லை.

நான் சமாதான நீதவான். சான்றிதழ்களின் நகல்களை உறுதிப்படுத்த அவள் வந்தாள்.

"மாமா, இதுக்கு ஓட வேணுமாம்" என்றாள்.

"எவ்வளவு தூரம்?"

"ஆயிரத்து அறுநூறு மீற்றர். ஒன்பது நிமிசத்துக்குள்ளை."

"நீ எப்பவெண்டாலும் ஓடியிருக்கிறியோ பிள்ளை?"

"பள்ளிக்கூடத்திலை இல்லங்களின்ரை விளையாட்டுப் போட்டியிலை கொடி பிடிச்சிருக்கிறன். நெட்டையா இருந்தபடியால் எந்த வருசமும் கொடிதான் தந்தவை. ஓடச் சொல்லி ஒருத்தரும் கேட்கேல்லை."

"அப்ப ஏன் இதுக்குப் போடுறாய்?"

"அங்கை இருக்கக் கதிரை தருவினம் மாமா" என்றாள். சிரிக்காமல்தான் சொன்னாள்.

பெப்ரவரி 6ஆம் திகதி விடியற்காலையில் ஓடத் தொடங்கினாள். ஓடப் பழகுவதென்றால் ஓடுவதுதான் என்று நினைத்தாள். முதல் நாளே வீட்டிலிருந்து பாலம் வரைக்கும் தார் வீதியில் ஓடினாள். பாதியில் நின்று வீதியோரத்தில் சத்தி எடுத்துவிட்டு மிச்சத்தையும் ஓடினாள். அடுத்த நாளும் அதே தூரம். ஒரு நாளும் விடவில்லை. பாலத்தடியில் வலை இழுக்கிறவர்கள் முதற்கிழமை பார்த்துக்கொண்டு நின்றார்கள். இரண்டாம் கிழமை பார்ப்பதை விட்டார்கள். இராசமலர் என்ற கிழவி மட்டும் அவள் கடக்கும்போதெல்லாம் வேலிப் படலைக்கு வந்து கேட்பாள்: "என்ன பிள்ளை, ஆருக்கும் ஏதுமோ? கொம்மா சுகமோ?" எங்கள் ஊரில் பெரிய பிள்ளை ஒருத்தி ஓடினால், ஒன்று சாவு, இல்லாவிட்டால் பஸ்.

ஒருநாள் மூன்று பெடியள் ஒரு மோட்டார் சைக்கிளில் அவளுக்குப் பக்கத்தில் மெதுவாக வந்தார்கள்.

"அக்கா, நாய் கலைக்குதோ? நாயைக் காணேல்லையே!"

"நாய் இப்ப மோட்டச்சைக்கிளிலை வருது" என்றாளாம் உதயகலா. அவர்கள் சிரித்துக்கொண்டு போய்விட்டார்கள். அந்த மாதத்தில் அவள் சந்தோசமாக இருந்தாள் என்று நினைக்கிறேன். கடைக்குப் போகும்போது பஸ் நிலையம் வரைக்கும் விறுக்கென்று நடந்து போவாள்.

நோ தொடங்கியது மூன்றாம் கிழமையில். வலது காலில், முழங்காலுக்கும் பாதத்துக்கும் நடுவில், முன் எலும்பின் உள்விளிம்போரமாக ஒரு சாண் நீளத்துக்கு. முதலில் ஓட்டத்தின் தொடக்கத்தில் மட்டும் நொந்தது. உடம்பு சூடேறியதும் மறைந்துவிட்டது. "ஓட ஓட நோ போகுது அம்மா" என்று அவளே சொன்னாள். ஆகவே இன்னும் கொஞ்சம் கூட ஓடினாள். பிறகு ஓடி முடிந்த பிறகும் நொந்தது. பிறகு கடையில் நிற்கும்போது நொந்தது. பிறகு சேலை எடுக்க ஏணியில் ஏறும்போது, ஒவ்வொரு படிக்கும் நொந்தது.

கடையில் அவளோடு நிற்கும் டிலக்ஷி கைத்தொலைபேசியில் தேடிப் பார்த்தாள்.

"அக்கா, உது புதுசா ஓடுறவைக்கு வாறது தானாம். ஐஸ் வைக்கட்டாம். ஓய்வு எடுக்கட்டாம்."

"ஓய்வோ? நீயே போய் முதலாளியிட்டைக் கேள்."

"ஓட்டத்திலையிருந்து ஓய்வு எண்டு சொல்லினம்."

"அவைக்கு வயது முடியேல்லை. எனக்கு முடியுது" என்றாள் உதயகலா.

கமலாவதி நோவெண்ணெய் வாங்கினாள். மகள் வேலையால் வந்ததும் அவளின் காலை மடியில் தூக்கி வைத்து, எண்ணெயைச் சூடாக்கி, முழங்காலிலிருந்து கீழ் நோக்கி உருவினாள். உப்பை வறுத்துத் துணியில் கட்டி ஒத்தடம் கொடுத்தாள். பெருவிரலால் எலும்போரத்தை அழுத்தும்போது உதயகலா பாயின் விளிம்பைப் பிடித்துக்கொள்வாளாம். "நரம்பு பிரண்டிருக்கு மோனை, கொஞ்சம் பொறு" என்று தாய் இன்னும் அழுத்துவாள். கமலாவதிக்கு இரண்டு கண்ணிலும் வெண்படலம். மகளின் முகத்தை விளக்கு வெளிச்சத்தில் அவள் கண்டிருக்க மாட்டாள்.

மார்ச் 15 வெள்ளிக்கிழமை. கமலாவதி வெள்ளித் தகட்டில் வெட்டிய ஒரு சிறிய காலை வாங்கிக்கொண்டு சந்நிதி முருகன் கோயிலுக்குப் போனாள். அதை உண்டியலில் போட்டுவிட்டு முருகனுக்கு நேர்ந்தாள். தன் பிள்ளையின் கால்நோவை எடுத்து அவளுக்கு உத்தியோகத்தைக் கொடுக்க வேண்டும். அதற்கு மகள் நாற்பத்தொரு நாள், விடியற்காலையில், வெறுங்காலோடு வீட்டிலிருந்து கோயில் வாசலுக்கு ஓடி வருவாள்.

மகளைக் கேட்டுவிட்டு நேரவில்லை. எங்கள் பக்கத்தில் அப்படிக் கேட்பதும் இல்லை. மொட்டை, காவடி, கற்பூரச்சட்டி எல்லாம் தாய் நேர, பிள்ளை செய்வதுதான். ஓட்டத்தை நேர்ந்தவர்களை நான் கேள்விப்பட்டதில்லை. மகளுக்கு எது கஷ்டமோ அதையே கொடுத்தால்தான் முருகன் இரங்குவான் என்று கமலாவதி எண்ணினாள்.

மூன்றாம் நாள், மார்ச் 18இல், டிலக்ஷியின் வற்புறுத்தலால் உதயகலா ஒரு வைத்தியரிடம் போனாள். அவர் எக்ஸ்ரே எடுப்பித்தார். படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். எலும்போரத்தை விரலால் தொட்டுக்கொண்டு போனார். ஓரிடத்தில் அவள் காலை இழுத்தாள்.

"எலும்பு இன்னும் வெடிக்கேல்லை" என்றார். "வெடிக்கப் பாக்குது. ஆறு கிழமைக்கு ஓட்டம் வேண்டாம். எண்ணெய் போட்டு உருவவும் வேண்டாம்."

"ஆறு கிழமைக்குப் பிறகு?"

"மெல்ல மெல்லத் தொடங்கலாம். மண்ணிலை, சப்பாத்தோடை, ஒரு நாள் ஓடினால் ஒரு நாள் விட்டு. முந்தியே இப்பிடித் தொடங்கியிருந்தால் இது வந்திராது."

மார்ச் 20இல் திணைக்களத்தின் கடிதம் வந்தது. உடற்தகுதிப் பரீட்சை மே 14, தெற்கில் ஒரு மைதானத்தில். நாங்கள் நாட்காட்டியைப் பார்த்தோம். ஆறு கிழமை ஓய்வு எடுத்தாலும் பிறகு இரண்டு கிழமை இருந்தது. வைத்தியர் சொன்னபடி செய்யலாம். நான் அதை அவளுக்குச் சொன்னேன். அவள் அதை எனக்கு முன்பே கண்டிருந்தாள். நாட்காட்டியில் அவள் விரல் மே முதலாம் திகதியில் இருந்தது.

"ஓம் மாமா, நாள் காணும்" என்றாள். "ஆனால் அம்மா நேர்ந்திட்டா."

அன்றைக்கு அவர்கள் வீட்டில் நான் இருந்தேன். கமலாவதி சுவரோடு சாய்ந்து நிலத்தில் இருந்தாள்.

"டொக்டர் ஆறு கிழமை எண்டு சொல்லுறார் அம்மா. நேர்த்தியைச் சோதினை முடிய வைப்பம்."

"வைக்கேலாது."

"முழுக்க விடச் சொல்லேல்லை. பிந்தி."

"பிந்தி எண்டுதான் கொண்ணைக்கும் சொன்னனாங்கள்" என்றாள் கமலாவதி.

தமையனைத்தான் சொன்னாள். மயூரதனுக்குச் சின்ன வயதில் வலிப்பு வந்து மாறிச் சுகமானபோது, அவன் இருபத்தொரு வயதில் காவடி எடுப்பான் என்று கமலாவதி நேர்ந்திருந்தாள். அந்த வருடம் திருவிழாவுக்கு அவனுக்குக் காய்ச்சல். அடுத்த வருடம் எடுக்கலாம் என்று விட்டார்கள். கார்த்திகை மாதத்தில் போன படகு ஆளில்லாமல் கரைக்கு வந்தது. அந்தக் கார்த்திகையில் கடல் கொந்தளித்ததையும், எச்சரிக்கை விடுத்திருந்ததையும், அவன் படகின் இயந்திரம் பழையது என்பதையும் நான் அறிவேன். கமலாவதிக்கும் தெரியும். ஆனால் அவளுடைய கணக்கில் காவடி ஒன்றுதான் நின்றது.

அடுத்த நாள் நான் இருவரையும் கூட்டிக்கொண்டு, கோயிலடி மடமொன்றில் அன்னதானத்துக்கு மரக்கறி வெட்டும் நாகலிங்கத்திடம் போனேன். நாற்பது வருடமாக அங்கே நிற்கிறவர். கமலாவதி அவர் சொல்லைக் கேட்பாள் என்று நம்பினேன். அவர் பூசணிக்காயை வெட்டுவதை நிறுத்தாமல் கேட்டுக்கொண்டிருந்தார்.

"தங்கச்சி, நேர்த்தியைப் பிறகு வைக்கலாம். ஒரு பிழையுமில்லை."

"குற்றம் வராதோ அண்ணை?"

"கந்தன் என்ன வட்டிக்குக் குடுக்கிறவனே, தவணை பிந்தினால் வீட்டுக்கு வந்து சண்டை பிடிக்க? பிள்ளையின்ரை கால் மாறட்டும். மாறின காலோடை ஓடி வரட்டும். அவனுக்கும் அதுதான் வடிவு."

உதயகலா சிரித்தாள். நானும் சிரித்தேன். கமலாவதியும் தலையை ஆட்டினாள். விடயம் முடிந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

முடியவில்லை. கமலாவதி அன்று சாப்பிடவில்லை. மகளோடு சண்டை பிடிக்கவுமில்லை. மயூரதனின் படத்துக்கு முன்னால் போய் இருந்தாள், கூப்பிட்டதற்குத் திரும்பவில்லை. விடியும்போது எழும்பி, முகத்தைக் கழுவி, "நான் போறன். உனக்குப் பதிலா நான் ஓடுறன்" என்று படலையைத் திறந்தாள். ஐம்பத்தெட்டு வயது, வெண்படலக் கண். வீதியில் இருபது யார் ஓடியிருப்பாள். உதயகலா பின்னால் போய்ப் பிடித்தாள்.

"விடுங்கோ அம்மா. நான் ஓடுறன்."

அது மார்ச் 22, வெள்ளிக்கிழமை. முதலாம் நாள்.

வீட்டிலிருந்து கோயில் வாசலுக்கு இரண்டு கிலோமீற்றருக்குச் சற்றுக் குறைவு. சப்பாத்து வீட்டு மூலையில் இருந்தது. வெறுங்காலோடு தார் வீதியில் ஓடினாள். ஆற்றில் கால் கழுவி, திருநீறு பூசி, நடந்து திரும்பி, எட்டு மணி பஸ்ஸில் கடைக்குப் போனாள். பதினான்கு நாள் அப்படி. நோ நாளுக்கு நாள் கூடியது. பாலத்தைக் கடக்கும்போது அவள் வலது காலை நிலத்தில் வைக்கும் நேரம் இடது காலின் நேரத்திலும் குறைவாக இருந்ததை, பால் வாங்கப் போன நான் என் கண்ணால் கண்டேன்.

ஏப்ரல் 5இலிருந்து ஐந்து நாள் அவள் ஓடவில்லை. கோயில் வாசலுக்குப் பெண்கள் போகாத நாட்கள் அவை. அந்த நாட்களை விட்டு, மிச்சத்தை எண்ணுவதுதான் வழக்கம். அந்த ஐந்து நாளில் நோ பாதியாகக் குறைந்தது. ஐந்தாம் நாள் பின்னேரம் கடையில் ஏணியில் ஏறும்போது நோவை மறந்துபோனதாகச் சொன்னாள்.

வைத்தியர் சொன்னது சரி என்பதற்கு அதைவிட வேறு சாட்சி வேண்டியதில்லை. நான் அதைக் கமலாவதிக்குச் சொல்ல வாய் திறந்தேன். அவள் முந்திக்கொண்டாள்.

"பாத்தியளோ அண்ணை? பதினாலு நாளிலையே கந்தன் பாதி நோவை எடுத்திட்டான். நாற்பத்தொண்டும் முடிய முழுக்க எடுப்பான்."

"அவள் ஓடாதபடியால்தான் குறைஞ்சது கமலாவதி."

"ஓடினபடியால்தான்" என்றாள். அவள் முகத்தில் அப்படி ஒரு தெளிவை மயூரதன் போன பிறகு நான் கண்டதில்லை. நான் இன்னுமொரு தரம் சொல்லிப் பார்த்தேன். அவள் எனக்குத் தேத்தண்ணி போட எழும்பிப் போனாள்.

ஏப்ரல் 10இல் மறுபடி தொடங்கினாள். வருடப்பிறப்பன்றும் ஓடினாள், புது உடுப்போடு கோயிலுக்கு வந்த சனம் வழிவிட்டது. இரண்டாம் கிழமையில் எலும்பின் மேல் ஒரு ரூபா நாணயக் குற்றி அளவுக்கு வீங்கியிருந்தது. நோ முந்தி ஒரு சாணுக்குப் பரவியிருந்தது, இப்போது அந்த ஓரிடத்தில் வந்து நின்றுவிட்டது. படுக்கும்போதும் விட்டு விட்டு நொந்தது. மாத முடிவில் அவள் செய்ததை ஓட்டம் என்று சொல்ல முடியாது. ஒரு காலை ஊன்றி மறுகாலை இழுத்து எறிந்து போனாள். இராசமலர் படலையில் நின்று கேள்வி கேட்பதை விட்டுவிட்டாள்.

"வலது காலை வெட்டி எறிஞ்சிட்டு ஓடினால் ஒன்பது நிமிசத்துக்குள்ளை வந்திடுவன் மாமா" என்று ஒருநாள் சொன்னாள்.

"விட்டிடு பிள்ளை."

"எதை விட? நேர்த்தியை விட்டால் அம்மா இல்லை. சோதினையை விட்டால் நான் சாகும் வரைக்கும் சேலை விரிக்க வேணும். ரெண்டுக்கும் ஒரே கால்தான் இருக்கு."

மே 3இலிருந்து மறுபடி ஐந்து நாள் ஓய்வு. மறுபடி நோ தணிந்தது, ஆனால் முந்தியளவுக்கு இல்லை. மே 8 தொடக்கம் நான்கு நாள். மே 11 சனிக்கிழமை நாற்பத்தொரு நாளும் முடிந்தது. கமலாவதி பொங்கிப் படைத்தாள். எங்களுக்கும் ஒரு கிண்ணத்தில் வந்தது.

தாயும் மகளும் பன்னிரண்டாம் திகதி பஸ் ஏறினார்கள். பதினான்காம் திகதி மைதானத்தில் நடந்ததை உதயகலா பிறகு எனக்குச் சொன்னாள். நான்கு சுற்று. அவளோடு ஓடியவர்கள் பதின்மூன்று பேர். பெரும்பாலும் இருபத்திரண்டு, இருபத்து மூன்று வயதுப் பிள்ளைகள். நெடுநாளைக்குப் பிறகு சப்பாத்துப் போட்டதால் முதற்சுற்றில் கால் பஞ்சில் படுவதுபோல இருந்ததாம். இரண்டாம் சுற்றிலும் பொறுக்கக்கூடிய நோ. மூன்றாம் சுற்றில் எலும்புக்குள் ஆரோ நெருப்புக்குச்சி கிழிப்பது போல. அவளுக்குப் பின்னால் நான்கு பேர் இருந்தார்கள். கடைசி வளைவில் அவளுக்கு மட்டும் கேட்ட ஒரு சத்தம் வந்தது.

"என்ன சத்தம்?"

"காய்ஞ்ச பூவரசந் தடியை முறிச்ச மாதிரி."

"அதுக்குப் பிறகும் ஓடினியோ?"

"இன்னும் கொஞ்சத் தூரம்தான் மாமா கிடந்தது."

கோட்டைக் கடந்து புல்லில் விழுந்தாள். அவளுடைய நேரம் எட்டு நிமிடம் ஐம்பத்தொரு செக்கன். சித்தி. வெளிவேலிக்கு அப்பால் நின்ற கமலாவதிக்கு ஓட்டம் தெரிந்திராது. பக்கத்தில் நின்ற ஒரு தாய் சொல்லக் கேட்டு, "முருகா!" என்று இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கினாளாம். உதயகலாவை இரண்டு பிள்ளைகள் தூக்கிக்கொண்டு வந்து அவள் முன்னால் இருத்தினார்கள்.

ஊருக்கு வந்து, மே 16இல் அரச ஆஸ்பத்திரியில் படம் எடுத்தபோது எலும்பு குறுக்கே வெடித்திருந்தது. முழங்கால் வரைக்கும் பிளாஸ்ரர் கட்டுப் போட்டார்கள், ஆறு கிழமைக்கு. சம்பளமில்லை. முதலாளி ஒருமுறை வந்து பார்த்தார். அப்பிள் பழம் கொண்டுவந்தார். கட்டுப் போட்ட காலோடு கடைக்கு வருவது சனத்துக்கு வடிவில்லை என்றார். அந்தக் கட்டோடு ஜூன் 27 வரைக்கும் இருந்தாள்.

வைத்தியப் பரிசோதனை ஜூலை 9. கட்டை வெட்டிப் பன்னிரண்டாம் நாள். வலது கால் இடது காலின் பாதித் தடிப்பில் இருந்தது. பிற்போடும்படி நான் ஒரு தந்திக் கடிதம் போல நாலு வரி எழுதி அனுப்பினேன்; பதில் வரவில்லை. பரிசோதனையில் குந்தச் சொன்னார்கள்; குந்தினாள். வலது காலில் மட்டும் நின்று துள்ளச் சொன்னார்கள். அவள் நின்றாள், துள்ளவில்லை. படத்தைப் பார்த்த வைத்தியர், அங்கே நின்ற தமிழ்த் தாதி மூலம் கேட்டார்: "இந்தக் காலோடை எப்பிடி ஓட்டத்திலை பாஸ் பண்ணினீர்?"

"அந்த ஓட்டத்திலைதான் உடைஞ்சது" என்றாள்.

தாதி அதை மொழிபெயர்த்தாள். வைத்தியர் நல்ல மனிதர் என்று உதயகலா சொன்னாள். கொஞ்ச நேரம் பேனையை வைத்துவிட்டு இருந்தாராம். பிறகு எழுதினார்.

ஓகஸ்ட் 27இல் கடிதம் வந்தது. பதவிக்கு வேண்டிய உடற்தகுதி இல்லை. முறைப்பாடு இருந்தால் முப்பது நாளுக்குள் மேன்முறையீடு செய்யலாம்.

அன்று கமலாவதி ஒரே வசனத்தைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னாள். "ஓட்டத்திலை கந்தன் அவளைப் பாஸ் பண்ண வைச்சவன். தன்ரை வேலையை அவன் செய்திட்டான். டொக்டர்மார்தான் கெடுத்தவை." உதயகலா அதற்கு, "சரி அம்மா" என்றாள். அவள் அந்த நாற்பத்தொரு நாளைப் பற்றித் தாயிடம் ஒரு வார்த்தை கூடச் சொன்னதில்லை. என்னிடமும் குறையாகச் சொன்னதில்லை. டிலக்ஷிதான் ஒருமுறை என் முன்னால் வெடித்தாள்: "அந்த ஆறு கிழமையும் சும்மா படுத்துக் கிடந்திருந்தால் இண்டைக்கு அக்கா உத்தியோகத்திலை." உதயகலா அவளைப் பார்த்து, "உன்ரை போன்லை அம்மாவை மாத்திற வழியும் கிடக்கோ எண்டு பார்" என்றாள்.

செப்டெம்பர் 10இல் ஒரு எலும்பு வைத்தியர் எழுதித் தந்தார்: வெடிப்புப் பொருந்திவிட்டது, மூன்று மாதத்தில் முழுத் தகுதியும் வரும். பன்னிரண்டாம் திகதி அதையும் இணைத்து மேன்முறையீட்டைப் பதிவுத்தபாலில் அனுப்பினோம். நவம்பரில், கவனத்தில் எடுக்கப்பட்டுள்ளது என்று ஒரு பதில் வந்தது. ஜனவரியில் நான் நினைவூட்டல் எழுதினேன். அந்த மாதங்களில் அவள் கடைக்குத் திரும்பியிருந்தாள். பகல் முழுவதும் நின்ற பிறகு, பஸ்ஸால் இறங்கி வரும்போது வலது காலைக் கொஞ்சம் சரித்து நடப்பாள். சனத்தைக் கண்டால் நேராக நடப்பாள். ஓடுவதில்லை. பஸ் புறப்படுவதைக் கண்டாலும் ஓடுவதில்லை. அடுத்த பஸ்ஸுக்கு நிற்பாள்.

கடைசிக் கடிதத்தை அவள் என்னிடம் கொண்டுவந்து தந்தாள். வைத்தியசபையின் முடிவே இறுதியானது. மறுபரிசோதனைக்கு ஏற்பாடு இல்லை. எதிர்கால ஆட்சேர்ப்புகளுக்கு, வயதுத் தகுதி இருப்பின், விண்ணப்பிக்கலாம். அப்போது அவளுக்கு முப்பத்தொரு வயது முடிந்து மூன்றாம் கிழமை. நான் இரண்டு தரம் வாசித்தேன். செய்வதற்கு வேறொன்றும் அதில் இருக்கவில்லை.

"கொம்மாவுக்குச் சொல்லிட்டியோ?"

"இல்லை. இன்னும் யோசிக்கினம் எண்டு வாசிச்சுக் காட்டினன்."

"எத்தினை நாளைக்கு உப்பிடி?"

"முடிஞ்சுது எண்டு சொன்னால், அடுத்த வெள்ளிக்கிழமை இன்னொண்டு நேர்ந்திடுவா மாமா. என்னட்டை இனிக் கால் இல்லை."

கடிதத்தை வீட்டில் வைக்க முடியாது என்று என்னிடம் விட்டுப் போனாள். கமலாவதி இப்போதும் தபாற்காரனின் மணிச் சத்தம் கேட்டால் படலைக்கு வந்து, கொழும்பிலிருந்து ஏதும் இருக்கிறதா என்று கேட்கிறாள். அவன் இல்லை என்கிறான். அவன் சொல்வது சரி. கடைசிக் கடிதம் வந்தது 2025 மார்ச் 18, செவ்வாய்க்கிழமை.